வளவுக்குள் இறங்கும் தூசி: செட்டிநாட்டு வீடுகளில் தூசியைக் குறைப்பது குறித்து

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எனச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி தரை காய்ந்தே கிடக்கிறது. முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அது ஓய்ந்து தை பிறந்தபின் செம்மண் சிறிது சிறிதாக இறுக்கம் தளர்ந்து, பங்குனி சித்திரையில் ஒரு வண்டி கடந்தாலே எழும் பொடியாகி, ஆனி ஆடி மாதங்களின் மேல்காற்றில் தெருவெங்கும் அலைகிறது. இம்மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி என்பதால், வெள்ளைச் சுவரில் படிந்தபின் ஈரம் பட்டால் காவிக் கறையாகவே நின்றுவிடும். புதுவயல் போல அரிசி ஆலைகள் நிறைந்த ஊர்களில் உமிச் சாம்பலும் இதோடு சேர்கிறது. எரிக்கப்படும் உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. மிக இலேசானது என்பதால் நெடுந்தொலைவு மிதந்து செல்லும்.

இப்படிப்பட்ட நிலத்தில், ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் நீளமும், நடுவில் வளவு எனப்படும் வானம் பார்த்த முற்றமும் கொண்ட வீட்டுக்குள் தூசியே வராமல் தடுத்துவிடலாம் என்று எண்ணுவது வீண். உள்ளே வந்த தூசி ஒரு நாளில் எத்தனை முறை மீண்டும் எழுப்பப்படுகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. வீட்டுத் தூசி குறித்து வழங்கும் அறிவுரைகளில் பல, அதை வெளியேற்றுவதைப் பற்றியே பேசி, வெளியேற்றும் முயற்சியே அதைக் கிளப்பிவிடுகிறது என்பதைக் கவனியாமல் விட்டுவிடுகின்றன.

தூசியின் நடத்தையை நிர்ணயிப்பது அதன் அளவு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள மண்துகள், அசையாத காற்றில் நொடிக்குக் கால் மீட்டருக்கும் மேலான வேகத்தில் கீழே விழுந்துவிடும். 10 மைக்ரான் துகள் நொடிக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே இறங்கும். 1 மைக்ரான் துகளுக்கு ஒரு மீட்டர் இறங்கவே மணிக்கணக்கில் ஆகும். மின்விசிறி சுழலும் அறையில் அதுவும் நடவாது. துகள் இறங்கும் வேகத்தைவிடக் காற்றின் வேகம் பல மடங்கு மிகுதி. கண்ணுக்குத் தெரிந்து தரையில் கிடக்கும் தூசி வீட்டின் அழகைத்தான் கெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பதே மூச்சோடு உள்ளே போகிறது. 10 மைக்ரானுக்குக் கீழுள்ளவை மூச்சுக்குழாய் வரைக்கும், 2.5 மைக்ரானுக்குக் கீழுள்ளவை நுரையீரலின் காற்றறைகள் வரைக்கும் செல்லக்கூடியவை. வீட்டுத் தூசியில் பெரும்பகுதி மனிதத் தோலின் செதில்தான் என்று ஒரு கூற்று உலவுகிறது. அடைத்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தோல் செதிலுக்கும் துணி நூலிழைக்கும் ஓரளவு பெரிய பங்கு இருக்கலாம். வாசலும் வளவும் திறந்து கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் வெளிமண்ணின் பங்கே மிகுதி.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் இதை அளந்து பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் செய்த பல ஏற்பாடுகள் தூசியை வழியிலேயே நிறுத்துபவை. தெருமட்டத்திலிருந்து பல படிகள் ஏறித்தான் முகப்புக்குள் செல்ல முடியும். காற்றில் அடித்து வரப்படும் பெருமணல் தரையை ஒட்டியே துள்ளி ஓடும் என்பதால், அந்த உயரமே பெரிய துகள்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது. வந்தவர்களைத் திண்ணையிலும் முகப்பிலும் அமர்த்திப் பேசி அனுப்பிவிடும் வழக்கத்தால், தெருப் புழுதியோடு வரும் கால்களில் பல வளவுக்குள் வருவதில்லை. வாசலில் நீர் தெளிப்பதும், காலைக் கழுவிவிட்டு உள்ளே வருவதும் மண்ணை ஈரத்தால் கட்டிவைக்கும் வேலைகள். வளவின் தரை சுற்றுத் தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்து, கல் பாவி, நீர் வெளியேற வழியோடு இருக்கும்; சுற்றியுள்ள ஓட்டுச் சரிவிலிருந்து மழையோடு இறங்கும் அழுக்கு அங்கேயே விழுந்து கழுவப்பட்டுப் போகும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர், பளிங்கைப் போல வழவழப்பாக இருப்பதால் தூசி அதில் ஒட்டிக்கொள்ள இடமில்லை. அடுப்படியை வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டில் ஒதுக்கியதால், விறகுப் புகையின் கரி முன்பகுதிக்கு வருவதும் குறைந்தது.

இத்தனையும் இயங்கியதற்குக் காரணம் கல்லும் சுண்ணாம்பும் மட்டுமில்லை. அவற்றைத் தினமும் கழுவித் துடைத்த கைகளும்தான். ஒரே கூரையின்கீழ் பல புள்ளிகள் (மணமானவர்களின் தனித்தனிக் குடும்பங்கள்) வாழ்ந்து, வேலைக்கும் ஆட்கள் நிறைந்திருந்த காலத்துக்கெனக் கட்டிய வீட்டில் இன்று முதியவர் இருவரோ ஒருவரோ இருக்கிறார்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆள் கிடைப்பதில்லை என்பது இங்கே ஆச்சிமார் கூடும் இடமெல்லாம் கேட்கும் பேச்சு. ஆகவே முழு வீட்டையும் பழையபடி வைத்திருக்க முயல்வதைவிட, புழங்கும் பகுதியைத் தெளிவாகப் பிரித்து அதில் மட்டும் தூசியைக் கட்டுக்குள் வைப்பதே செய்யக்கூடிய காரியம் என்று கருதுகிறேன். முகப்பும் வளவும் நடந்து செல்லும் வழியாக இருக்கட்டும். படுக்கும் அறை, சமைக்கும் இடம், உண்ணும் இடம் ஆகிய மூன்றும் நாள்தோறும் கவனிக்கப்படட்டும்.

காய்ந்த தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதே வீட்டுக்குள் தூசியைக் கிளப்பும் வேலைகளில் முதன்மையானது. ஈர்க்குமாறு முற்றத்துக்கும் வாசலுக்கும் உரியது. அதை உள்ளே கொண்டுவரக் கூடாது. உள்ளே பூந்துடைப்பத்தைப் பயன்படுத்தினாலும், அதன் நுனியை நீரில் தொட்டு நன்றாக உதறிவிட்டு, தரையை விட்டு மேலே எழும்பாத நீண்ட இழுப்பாகப் பெருக்கினால் எழும் தூசி வெகுவாகக் குறையும். அதனினும் மேலானது, பெருக்காமலே பிழிந்த ஈரத்துணியால் துடைத்து எடுப்பது. பெரிய தாழ்வாரங்களுக்கு, அகன்ற தட்டையான மைக்ரோஃபைபர் மாப்பை இலேசான ஈரத்தோடு ஒரே திசையில் தள்ளிச் செல்லலாம். குனிய வேண்டாம் என்பதால் முதியவர்களுக்கும் இது இயலும். துடைக்கும் நீரை மாற்றாமல் நான்கு அறைகளையும் முடிப்பவர்கள், முதல் அறையின் மண்ணை நான்காவது அறையில் மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். காய்ந்தபின் அந்தப் படலம் மீண்டும் பொடியாக எழும். அலசுவதற்கு ஒரு வாளி, துடைப்பதற்கு ஒரு வாளி என இரண்டு வைத்துக்கொண்டால் இது நேராது. ஆழ்குழாய் நீரில் உப்பு மிகுந்த வீடுகளில், துடைத்தபின் வெள்ளைத் தடம் படிவதைப் பார்க்கலாம். அங்கே சேமித்த மழைநீரோ குடிநீர்க் குழாய் நீரோ தரை துடைக்க நல்லது.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். இக்கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மேற்பரப்பாக வருகிறது. சிமெண்டை அமிலம் அரிக்கும். கறை போக வேண்டும் என்று கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை இதில் ஊற்றினால் மெருகு போய், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்து, அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் மண் அந்தக் குழிகளில் தங்கிவிடும். வெறும் நீர், வேண்டுமானால் சில துளி மிதமான சோப்பு, இவ்வளவே போதும். தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றும் வழக்கம் தவறானதன்று. ஆனால் எண்ணெயைத் தடவியபின் உலர்ந்த துணியால் முற்றிலும் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கையில் பிசுபிசுப்புத் தட்டும் அளவுக்கு விட்டுவைத்த எண்ணெய், ஆடிக்காற்றுக் காலத்தில் இரண்டே நாளில் தரையைச் செம்மண் நிறமாக்கிவிடும். சித்திர வேலைப்பாடு மிகுந்த நிலைகளுக்கும் கதவுகளுக்கும் இதுவே பொருந்தும். செதுக்கிய பூக்களின் இடுக்கில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகினால் பிறகு கத்தியால்தான் சுரண்ட வேண்டும். மென்மையான வண்ணத்தூரிகையால் தட்டிவிட்டு, விழும் பொடியை ஈரத்துணியில் வாங்கிக்கொள்வது போதும்.

துடைக்கும் வரிசையும் முக்கியம். ஒட்டடை, மின்விசிறி, படச்சட்டம், மேசை, கடைசியில் தரை என மேலிருந்து கீழே வர வேண்டும்; ஒட்டடை அடித்தபின் சிறிது நேரம் மின்விசிறியை நிறுத்தி, எழுந்தது படிந்தபிறகே தரைக்கு வர வேண்டும். மின்விசிறியின் இறக்கைகளைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து உருவினால் அழுக்கு உறைக்குள்ளேயே விழும். உயரமான மேங்கோப்பு (கூரை அமைப்பு) உள்ள அறைகளில் நீண்ட கம்பி விட்டுத் தொங்கும் விசிறியைத் துடைக்க ஏணி தேவைப்படும். முதியவர்கள் அதில் ஏறுவதைவிட, மாதம் ஒருமுறை ஆள் வைத்துச் செய்வதே சரி.

காற்றைப் பயன்படுத்தும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், இரண்டையும் திறந்தால் தெருக்காற்று வீட்டின் நடுவே தடையின்றி ஓடும். வெயிலில் கூரையும் வளவும் சூடேறிச் சூடான காற்று மேலெழும்போது, அதன் இடத்தை நிரப்பக் கீழே கதவுகள் வழியாகக் காற்று இழுக்கப்படுகிறது. வண்டி ஓட்டம் மிகுந்த பகல் வேளையில் அது தெருப் புழுதியையும் சேர்த்தே இழுக்கும். விடியற்காலையிலும் இரவிலும் இரு பக்கமும் திறந்துவைத்து, முற்பகல் முதல் மாலை வரை போக்குவரத்து மிகுந்த தெருவின் பக்கமுள்ள கதவைச் சாத்தி, அமைதியான பக்கத்தை மட்டும் திறந்துவைக்கலாம். வாசற்படிக்கு வெளியே முரட்டுத் தேங்காய்நார் மிதியடி ஒன்றும், உள்ளே துவைக்கக்கூடிய துணி மிதியடி ஒன்றும் இருந்தால் காலோடு வரும் மண் கணிசமாகக் குறையும். உள்மிதியடியைத் துவைக்காமல் விட்டால் அதுவே தூசிக் கிடங்காகும். வாசற்கோலத்தைக் கல்மாவில் போடுகிறவர்கள், மறுநாள் அதை நீர்விட்டுக் கழுவாமல் உலர்ந்தபடி கூட்டினால் அந்தப் பொடி வீட்டுக்குள்தான் வரும்.

தூசிக்கும் புறாக்களுக்கும் பயந்து வளவை முழுவதுமாகக் கண்ணாடியிழைத் தகட்டால் மூடிவிடும் போக்கு அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. மேலிருந்து விழும் செம்மண் அதனால் குறையும் என்பது உண்மை. ஆனால் மேலெழும் காற்றுக்கு வழி அடைபடுவதால், அடுப்படிப் புகையும் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் வீட்டுக்குள்ளேயே தேங்கும். அந்த ஆவி விசிறியிலும் சுவரிலும் பசையாகப் படிந்து, நுண்தூசியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் எளிதில் துடைக்க முடியாத கறையாகும். மூடத்தான் வேண்டும் என்றால், கூரைவிளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே நாற்புறமும் ஓரடியாவது இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குக் கம்பிவலை அடிக்க வேண்டும். கொசுவலை அளவுக்குக் கண் சிறுத்த வலை, சில மாதங்களிலேயே தூசியால் அடைபட்டுக் காற்றை மறித்துவிடும்; பறவை நுழையாத அளவு போதும். சமையலறை முன்கட்டுக்கு நகர்ந்துவிட்ட வீடுகளில் புகையை வெளியே தள்ளும் விசிறி கட்டாயம்.

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்கோ திருமணத்துக்கோ திறக்கப்படும் வீடுகளின் கதை வேறு. அங்கே தூசி என்பது மண் மட்டுமில்லை. புறா எச்சம், வௌவால் எச்சம், உளுத்தூள், கறையான் மண், சுவரின் சுண்ணாம்புப் பொடி ஆகியவற்றின் கலவை. காய்ந்த பறவை எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் இருக்கக்கூடும். எச்சத்தின் புரதத் துகள்களைத் தொடர்ந்து சுவாசிப்பது சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். இதை உலர்ந்தபடி பெருக்குவதைப்போல அபாயமான வேலை இந்த வீடுகளில் வேறில்லை. முதலில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். பின்பு எச்சத்தின்மேல் நீரைத் தெளித்து ஊறவைத்து, ஈரமாகவே வழித்துப் பையில் கட்ட வேண்டும். வேலை செய்பவர்கள் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது நுண்துகளுக்குப் பயன்படாது. கூலிக்கு வருபவர்களுக்கு இதை வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண அவசரத்தில் இது மறக்கப்படுகிறது.

பூட்டிய வீட்டில் விழுந்திருக்கும் பொடி, நோய்க்குறியும் ஆகும். பர்மாத் தேக்கில் உளு விழுவது அரிது. மலிவான மரத்தில் செய்த சட்டங்களுக்குக் கீழே வெளிர்நிறப் பொடி புதிதாகக் குவிந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் நாள்தோறும் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அது பெரும்பாலும் ஈரத்தின் வேலை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சோ பிளாஸ்டிக் வண்ணமோ ஏறினால் ஈரமும் அதோடு வரும் உப்பும் உள்ளே சிக்கி, பூச்சைப் பொருமவைத்துப் பொடியாக்கிவிடும். இந்த வீட்டில் துடைப்பம் எதையும் தீர்க்காது. நவீன வண்ணத்தை நீக்கிச் சுண்ணாம்பையே மீண்டும் பூசுவதும், சுவரடியில் நீர் தேங்காமல் பார்ப்பதும்தான் வழி.

பழுதுபார்ப்பு தொடங்கும்போது இன்னொரு கவனம் தேவை. பழைய கதவுகளிலும் சன்னல் கம்பிகளிலும் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் எனாமல் வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தை உப்புத்தாளால் உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அந்நாட்களில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அங்கே தங்காமலிருப்பது நல்லது. கருங்கல்லை வெட்டும்போதும் நீர்விட்டு வெட்டச் சொல்லுங்கள். உலர்ந்து வெட்டும் கல்லின் சிலிக்காத் தூள் நுரையீரலில் நிலையான வடுவை ஏற்படுத்தும்.

படுக்கையறைக்கு வந்தால், அங்கே மண்ணைவிடத் தூசிச்சிற்றுண்ணியே முக்கியம். கால் மில்லிமீட்டர் அளவே உள்ள இவ்வுயிர் தோல் செதிலைத் தின்று வாழ்வது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் தாக்குப்பிடிக்காது. செட்டிநாட்டின் கோடை இதற்கு நமக்குத் துணை. ஐப்பசி கார்த்திகையின் ஈரமோ அதற்குத் துணை. ஆஸ்துமாவும் தும்மலும் அந்த மாதங்களில் மிகும் வீடுகளில், போர்வையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் சிற்றுண்ணி சாகலாம். ஒவ்வாமையைத் தரும் அதன் எச்சம் வெயிலில் அழியாது, துவைத்தால்தான் போகும். பல தலைமுறை கண்ட இலவம்பஞ்சு மெத்தைகள் உள்ளே பொடிந்து தூசியாகியிருக்கும். அவற்றைப் பஞ்சு மாற்றுவதோ, நெருக்கமான நெசவுள்ள உறையில் முழுதாக மூடுவதோ வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு இரவில் கொசுவர்த்தி ஏற்றுவது முரண். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகள், 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்கு ஈடானது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு நாளின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இந்நுண்துகள் இருக்கலாம் என்பது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வரம்பு 15. கொசுவலை கட்டினால் இந்தக் கணக்கே எழாது.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வளவைப் பார்த்துத் திறந்த தாழ்வாரத்தில் அதை வைப்பது ஊரின் காற்றைச் சுத்தம் செய்யும் முயற்சி. கதவடைத்த படுக்கையறையில் அது பயன்படும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும். ஆனால் பெட்டியின்மேல் இத்தனை சதுர அடிக்கு என்று அச்சிட்டிருப்பது பொதுவாக எட்டடி உயரக் கூரையை எண்ணிச் சொல்வது. 12 அடிக்கு 12 அடி அறை, 14 அடி உயரத்தில் 2,016 கன அடி, அதாவது சுமார் 57 கன மீட்டர் கொள்ளும். அதன் காற்றை மணிக்கு ஐந்து முறை வடிகட்ட, மணிக்கு ஏறத்தாழ 285 கன மீட்டர் தூய காற்றைத் தரும் கருவி வேண்டும். எட்டடிக் கூரைக்கு 165 போதும். சதுர அடியைப் பார்த்து வாங்கினால் இங்கே கருவி அறைக்குச் சிறிதாகிவிடும். மணிக்கு எத்தனை கன மீட்டர் என்ற எண்ணைக் கேட்டு, அறையின் உயரத்தை அளந்து பெருக்கிப் பார்த்தபின் பணம் கொடுக்க வேண்டும்.